செருப்புக்கு முன்னாடி வர்ற காத்து

நைட்டு தண்ணி குடிக்க எழுந்து லைட்ட போட்டா செவுத்தோரமா ஒரு கரப்பான்பூச்சி, மீசைய மட்டும் ஆட்டிட்டு நிக்குது, சத்தமே இல்லாம செருப்ப எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டேன் பாருங்க, செருப்பு தரைய தொடுறதுக்குள்ள சட்டுனு திரும்பி ஸ்டவ்வுக்கு அடியில போயிருச்சு.

அது செருப்ப கண்ணால பாத்துதான் ஓடணும்னு இல்லயாம். பின்னாடி குட்டியா ரெண்டு வால் மாதிரி நீட்டிட்டு இருக்கும்ல, செர்சைனு பேரு, ஒவ்வொண்ணுலயும் சுமார் 200 மெல்லிசான முடி. செருப்பு தள்ளிட்டு வர்ற காத்துல அந்த முடி அசைஞ்சதுமே சிக்னல் கிளம்பிருது. அதுக்குன்னே தடியான நரம்பு இழைங்க இருக்கு (தடிச்ச இழையில சிக்னல் வேகமா ஓடும்), அது நேரா நெஞ்சுல இருக்குற நரம்பு முடிச்சுக்குப் போய் 6 காலுக்கும் ஆர்டர் போட்டுருது, தலையில இருக்குற மூளைகிட்ட பர்மிஷன் வாங்கறதுக்கெல்லாம் அங்க நேரமே இல்ல. காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு வேற கணக்குப் போட்டு அதுக்கு எதிர்ப்பக்கமா திரும்புது!

நமக்கும் இதே கததான், சூடான பாத்திரத்துல கை பட்டா தண்டுவடமே கைய இழுத்துருது, "ஆ"ன்னு கத்துறது அப்புறம்தான்.

ஈ அடிக்கிற மட்டையில ஏன் ஓட்ட ஓட்டையா வெச்சிருக்கான்னு இப்பதான் புரியுது.