தேனீப் பெட்டி வைக்கிற இடம்: முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கக் குறிப்புகள்

மார்ச் 8
முத்தையன்கட்டுக் குளக்கட்டோரம் நிழலும் இருக்கு, தண்ணீரும் இருக்கு என்று பெட்டிகளை அங்கேயே அடுக்க ஆசை வரும். கணக்குப் பார்த்தால் நட்டம். எங்கள் ஊர்ப் பெட்டித் தேனீ பெரும்பாலும் 500 மீற்றருக்குள்தான் மேயும். ஒரு கிலோமீற்றர் தாண்டுவது குறைவு. (ஐரோப்பியத் தேனீக்குச் சொல்லும் மூன்று கிலோமீற்றர் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம்.) 500 மீற்றர் ஆரத்துக்கு வட்டம் போட்டால் ஏறக்குறைய 190 ஏக்கர். குளக்கட்டில் வைத்தால் அதில் பாதி வெறும் தண்ணீர். மற்றப் பாதி அறுவடை முடிந்த வயலென்றால் தேன் எங்கிருந்து வரும்?

காட்டோரமும் வீட்டு வளவுகளும் சந்திக்கும் இடமே நல்லது. வேம்பும் இலுப்பையும் மதுவுக்கு (பூவின் இனிப்புச் சாறு), தென்னை ஆண்டு முழுக்க மகரந்தத்துக்கு. காட்டுக்குள்ளே வைத்தால் கரடிக்குத்தான் விருந்து.

மார்ச் 15
பெட்டிக்கும் பெட்டிக்கும் 6 முதல் 10 அடி, வரிசைக்கும் வரிசைக்கும் 15 அடி. ஒரே நிறப் பெட்டிகளை நேர்கோட்டில், ஒரே திசை பார்க்க வைத்தால் மேய்ந்து வரும் பூச்சி வீடு மாறும். ஓரப் பெட்டிகள் பெருக்கும், நடுவில் உள்ளவை மெலியும். அதைவிட மோசம் புது இராணி. புணர்ச்சிப் பறப்பு முடிந்து பக்கத்துப் பெட்டிக்குள் நுழைந்தால் அங்குள்ள பூச்சிகள் அதைக் கொன்றுவிடும். அதன் சொந்தப் பெட்டியில் வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிடத் தொடங்கும். வாசல்களை மாற்றி மாற்றித் திருப்பி, வாசல் பலகைக்கு வேறு வேறு நிறம் அடித்தால் போதும்.

ஓரிடத்தில் பத்துப் பெட்டிக்கு மேல் வேண்டாம். அடுத்த பத்தை ஒரு கிலோமீற்றர் தள்ளி வைத்தால் இரண்டு வட்டமும் ஒன்றையொன்று வெட்டாது. இருபதையும் ஒரே வளவில் வைத்தால் பெட்டிதான் கூடும், தேன் கூடாது.

மே 3
எள்ளுப் பூத்த காணிகள். பூ விடியற்காலையில் விரிந்து பின்னேரம் உதிர்ந்துவிடும். அதனால் வாசல்களை மாற்றித் திருப்பும்போதும் கிழக்கு, வடகிழக்கு, தென்கிழக்கு என்று காலை வெயில் படும் பக்கமாகவே பார்க்க வேண்டும்; முதல் வெயில் பட்டால் பூச்சி நேரத்துக்கே வெளிக்கிடும். பக்கத்துக் காணிக்காரர் மருந்தடிப்பதென்றால் மாலையில் அடிக்கச் சொல்லி முன்கூட்டியே பேசி வைக்கவும்.

யூன் 14
சோளகக் காற்று பிடித்துவிட்டது. தென்மேற்குப் பக்கம் சீமைக்கிளுவை வேலியோ கிடுகுத் தட்டியோ இல்லாத இடத்தில் பாரத்தோடு வரும் பூச்சி வாசலுக்கு முன்னால் நிலத்தில் விழுந்து, நடந்து ஏறுகிறது. வெயிலும் அப்படித்தான். புழு இருக்கும் அடையைத் தேனீக்கள் 34, 35 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். பெட்டி சுட்டால் மது எடுக்கப் போக வேண்டியவை தண்ணீர் சுமக்கும். பதினொரு மணி தொடக்கம் மூன்று மணி வரை நிழல் கட்டாயம். நாள் முழுக்க இருட்டான மாந்தோப்பு நிழலும் கூடாது, ஈரமும் மெழுகுப்பூச்சியும் சேரும். சட்டியில் தண்ணீர் வைத்தால், பூச்சி நின்று குடிக்கத் தேங்காய்ப் பொச்சுத் துண்டு மிதக்க விடவும்.

ஓகஸ்ட் 9
பூ இல்லை. நெருக்கமாக வைத்த பெட்டிகளில் ஒன்றின் பூச்சி மற்றதன் தேனைக் களவெடுக்கத் தொடங்கும் காலம். அடையாளம்: வாசலில் சண்டை, மயிர் உதிர்ந்து மினுங்கும் பூச்சிகள், பலகையில் மெழுகுத் தூள். வாசலை இரண்டு பூச்சி போகும் அளவுக்குச் சுருக்கவும். சீனிப்பாகு (சீனியும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று) கொடுப்பதென்றால் பொழுதுபட்ட பிறகு, பெட்டிக்கு உள்ளே; ஒரு சொட்டும் வெளியே சிந்தக்கூடாது. பட்டினியும் சூடும் சேர்ந்தால் கூட்டமே கிளம்பிவிடும்.

ஒக்டோபர் 18
மாரிக்கு முன் தாழ்ந்த காணியிலிருந்து பெட்டிகளை மேட்டுக்கு எடுக்க வேண்டும். ஐம்பது மீற்றர்தானே என்று ஒரே இரவில் மாற்றினால் மேயப் போனவை பழைய இடத்துக்கே திரும்பி வந்து சாகும். கிட்ட, சில அடிதான் என்றால் நாளுக்கு ஓரடியாக நகர்த்தவும். இல்லாவிட்டால் வாசலை வலையால் அடைத்து இரவில் இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோகவும். தாங்கி ஒன்றரை முதல் இரண்டு அடி உயரம், பெட்டி வாசல் பக்கம் சற்றுச் சரிவு. எறும்பு ஏறாமல் தாங்கியின் கால்களில் கழிவு ஒயில் கிண்ணம் வைத்து மேலே தகரத் தொப்பி போடவும், மழை நிரம்பினால் ஒயில் வழிந்துவிடும். புல் ஒன்று பெட்டியில் முட்டினாலும் எறும்புக்கு அது பாலம்.