யாருடைய நாய்?

"நாயின் சொந்தக்காரர் யார், ரீச்சர்?"

பொலிஸ் நிலையத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். என்ன நடந்தது, யார் செய்தது என்பதெல்லாம் பிறகு. சொந்தக்காரர் என்று ஒருவரும் இல்லை, எங்கள் ஒழுங்கையில் திரிகிற நாய் என்றேன். எழுதத் தொடங்கியிருந்தவர் பேனாவுக்கு மூடியைப் போட்டு மேசையில் வைத்தார்.

கறுப்பி என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவோம். ஒழுங்கை முகப்பில் இருக்கும் தேநீர்க்கடை வாசலில் அவள் படுப்பது கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. கல்லெறிந்து பார்த்தார், தும்புத்தடியால் அடித்துப் பார்த்தார். ஒருநாள் பின்னேரம் அடுப்பிலிருந்த கேத்திலைத் தூக்கி அப்படியே அவள் மேல் ஊற்றிவிட்டார். ரியூசன் முடிந்து வந்துகொண்டிருந்த ஒரு பையன் கண்டான். கத்தல் எங்கள் வீட்டுக் கிணற்றடி வரை கேட்டது.

அன்று நான் ஒரு பிழை செய்தேன். அவளைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது முதுகில் மயிர் ஈரமாகப் படிந்திருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை என்று நினைத்துப் படம்கூட எடுக்கவில்லை. மூன்றாம் நாள் தடவிக் கொடுத்தபோது இடுப்பிலிருந்து வாலடி வரை தோல், ஊறிய கடதாசியைப் போல, மயிரோடு சேர்ந்து என் கையில் வந்தது. கீழே இளஞ்சிவப்புச் சதை. அதற்குள் இலையான் முட்டையும் இட்டிருந்தது. நாய்க்குச் சுடுநீர்க் காயம் இப்படித்தான் ஒளிந்திருக்குமாம். மயிர் மூடிவிடும், நாலைந்து நாளானபின்தான் உண்மையான அளவு தெரியும். இதைக் கால்நடை வைத்தியர் சொல்லித்தான் அறிந்தேன். ஆகவே உங்களுக்கு இப்படி ஒன்று நேர்ந்தால் முதல் நாளே படம் எடுங்கள், அதன் பிறகும் ஒவ்வொரு நாளும் எடுங்கள். வைத்தியரிடம் மருந்துத் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், காயம் எதனால் வந்தது என்று ஒரு வரியாவது எழுதிக் கையொப்பமும் முத்திரையும் வைத்துத் தரச் சொல்லுங்கள். என் வழக்கு நின்றது அந்த ஒரு வரியில்தான்.

மீண்டும் பொலிஸ் நிலையத்துக்கு வருகிறேன். மேசையில் இருந்தவர் கெட்ட மனிதர் இல்லை. வீட்டில் இரண்டு நாய்கள் வளர்க்கிறாராம், படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. ஆனாலும் "இதை இணக்க சபைக்கு அனுப்பிவிடலாம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். யாரும் யாரும் பேசுவது, தம்பி, அவரும் கறுப்பியுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் முறைப்பாட்டுப் புத்தகம் வெளியே வந்தது.

எழுதியது சிங்களத்தில். வாசித்துக் காட்டிக் கையொப்பம் கேட்டார். வாசித்தது எனக்கு விளங்கியது, எழுதியது விளங்கவில்லையே! தமிழில் எழுதினால்தான் கையொப்பம் என்று சொல்லிவிட்டு வாங்கில் உட்கார்ந்தேன். தமிழ் எழுதத் தெரிந்தவர் சாப்பிட்டு வர முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. அந்த முக்கால் மணித்தியாலத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பின்னால் நீதிமன்றத்தில் உங்களுக்கு முன் வாசிக்கப்படுவது அந்தப் பக்கம்தான்.

அன்றிரவு சட்டத்தரணியான என் பழைய மாணவியைத் தொலைபேசியில் பிடித்தேன். சொந்தக்காரர் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அவள்தான் விளக்கினாள். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில், விலங்கைக் கொல்வதற்கும் முடமாக்குவதற்கும் ஆண்டுக் கணக்கில் சிறை உண்டு. ஆனால் அது பிறருடைய சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம். அங்கே வலி கணக்கில் இல்லை, விலங்கின் பெறுமதிதான் கணக்கு. ஒருவருக்கும் சொந்தமில்லாத கறுப்பிக்கு அங்கே இடமில்லை. அவளுக்கு இருப்பது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க, விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் மட்டும். அதற்குச் சொந்தக்காரர் தேவையில்லை. வீட்டு விலங்கு அல்லது பிடித்து வைக்கப்பட்ட விலங்கு என்றால் போதும், தெரு நாயும் வீட்டு விலங்கினம்தான். மரத்திலும் வெளியிலும் தன்பாட்டில் திரிகிற உயிர் எதுவும் அந்தச் சட்டத்தின் கண்ணில் படாது என்பது வேறு கதை. உச்சத் தண்டனை 100 ரூபாய் தண்டப்பணம், அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும்.

நூறு ரூபாய். இன்று கடையில் ஒரு இறாத்தல் பாணுக்கும் போதாது. சட்டம் வந்த 1907இல் அது கூலிக்காரர் ஒருவரின் பல மாத உழைப்பு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேராக ரயில் ஓடத் தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த ரயில் 1990இல் நின்று, தண்டவாளமே இல்லாமல் போய், புதிதாகப் போடப்பட்டு, 2014இல் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்துவிட்டது. அந்த நூறு ரூபாய் அசையவில்லை. (அக்கரையைப் பார்த்து ஏங்கவும் வழியில்லை. இந்தியாவின் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதற் குற்றத்துக்குத் தண்டம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை.)

பொலிஸார் வழக்கைப் போடாமல் இழுத்தடித்தால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி நாமே நீதவானிடம் நேரடியாக முறையிடலாம் என்றும் மாணவி சொன்னாள். அதற்குத் தேவை வரவில்லை. ஆனால் அடுத்த தடவை பொலிஸ் நிலையம் போனபோது அந்தச் சட்டக்கோவையின் பெயரைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைத்தேன். இரண்டாம் கிழமை வழக்குப் பதிவானது.

பிறகு நீதிமன்றத் தவணைகள். முதல் தவணையில் எதிரியான கடைக்காரர் வரவில்லை. இரண்டாவது தவணைக்கு நான் சாட்சியாகப் போய் மத்தியானம் வரை நின்றுவிட்டு வந்தேன். பையனின் தாய் அவனைச் சாட்சிக்கு விட மாட்டேன் என்றார். "நாய்க்காகப் பிள்ளை நீதிமன்றப் படி ஏறுவதா, ரீச்சர்?" அவரை நான் குறை சொல்லவில்லை. மூன்றாம் தவணையில் கடைக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முதற் குற்றம், ஒப்புக்கொண்டவர், குடும்பஸ்தர். நீதவான் கடுமையாக எச்சரித்துவிட்டு, சட்டம் அனுமதிக்கும் தண்டப்பணத்தை ஒரு சதமும் குறைக்காமல் முழுமையாக விதித்தார்: நூறு ரூபாய். கடைக்காரர் ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினார். மிச்சத்துக்காக நின்றுகொண்டிருந்த நேரத்தில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பகை இல்லை. இதற்காகவா இத்தனை நாள் அலைந்தீர்கள் என்ற வியப்புத்தான் இருந்தது.

எனக்கு மூன்று தவணைக்கும் ஓட்டோக் கூலியே அதைவிடப் பலமடங்கு.

அன்று தொடங்கி என் மனதில் நிற்பது இதுதான். தண்டனை குறைவு என்றால் அது குற்றம் செய்தவரை மட்டும் இளக்காரமாக்குவதில்லை. பின்னோக்கியும் வேலை செய்கிறது. பேனாவை மூடிய பொலிஸ்காரர், சாட்சிக்கு விடாத தாய், இணக்க சபை யோசனை, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த நூறு ரூபாய்தான் கிடக்கிறது. முடிவில் இவ்வளவுதானே என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்.

ஆகவே மனு. சட்டத்தை மாற்றச் சொல்வது புதிய யோசனை இல்லை. சட்ட ஆணைக்குழு 2006இலேயே விலங்குகள் நலச் சட்ட வரைவு ஒன்றைத் தயாரித்தது. 2010இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அத்துரலியே ரத்தன தேரர் அதைத் தனிநபர் சட்டமூலமாக நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். 2016இல் அமைச்சரவையும் ஒப்புதல் தந்தது. ஆனாலும் அந்த நூறு ரூபாய் மாறவில்லை. நாங்கள் எழுதியது ஒரு பக்கம்தான். தண்டப்பணத்தைக் காலத்துக்கு ஏற்றபடி உயர்த்துங்கள், விலங்கு என்ற சொல்லின் பொருளை விரியுங்கள், கொடுமை செய்தவரிடமிருந்தே வைத்தியச் செலவை வாங்கித் தாருங்கள். பொதுமக்களின் மனு நேரடியாக நாடாளுமன்றத்துக்குப் போகாது. உறுப்பினர் ஒருவர் சமர்ப்பிக்க வேண்டும், அதன் பிறகுதான் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குப் போகும். 2024 தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலிருந்து தெரிவானவர்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் கடிதம் போட்டேன்.

கையெழுத்து வாங்குவதுதான் எனக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. நாய் என்றால் எல்லோருக்கும் இரக்கம் வந்தது. பெரியவர் ஒருவர் கையெழுத்து வைத்துவிட்டு, "இதில் வேள்வி ஆடும் வருமா?" என்று கேட்டார். கோயில் பலிக்குத் தனி வழக்கும் தனி வாதமும் உண்டு ஐயா, 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்புத் தந்தது, 2018இல் தடைச் சட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது, ஆனால் எங்கள் மனுவில் அது இல்லை என்றேன். நம்பவில்லை. பேனாவைத் திரும்ப வாங்கித் தன் பெயரை இரண்டு கோடு போட்டு வெட்டினார். மாட்டுவண்டிச் சவாரிப் பிரியர் ஒருவர், மாட்டைக் குத்தி ஓட்டும் ஆணித்தடியும் இதற்குள் வந்துவிடும் என்று கணக்குப் பார்த்துத் தாளைத் தொடவே இல்லை. அவர் சரியாகத்தான் கணக்குப் பார்த்தார்.

இன்னொருவர் கேட்டார்: "எங்கள் பிள்ளைகள் எங்கே என்றே இன்னும் பதில் இல்லை. நீங்கள் நாய்க்கு நீதி கேட்கிறீர்களா?" இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. தாளை மடித்துக்கொண்டு எழும்பினேன். உள்ளே இருந்து அவருடைய மனைவி வந்து, ஒன்றும் பேசாமல் தாளை வாங்கிக் கையெழுத்து வைத்தார். அவரும் தடுக்கவில்லை. ஏன் வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

ஆறு கடிதங்களுக்கு ஒரு பதில் வந்தது. அந்த அலுவலகத்தில் மனுவைப் பார்த்த செயலாளர், மனுதாரர்களின் முகவரியும் தேசிய அடையாள அட்டை இலக்கமும் இல்லை, சேர்த்துக் கொண்டுவாருங்கள் என்று திருப்பித் தந்தார். திரும்பவும் வீடு வீடாகப் போனேன். நீங்கள் தொடங்கும்போதே அந்த இரண்டு நிரலையும் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிவபூமி அறக்கட்டளை இயக்கச்சியில் நாய்களுக்கு ஒரு சரணாலயம் நடத்துகிறது, அங்கே கொடுத்துவிடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். நல்ல இடம். ஆனால் கறுப்பி இந்த ஒழுங்கைக்காரி. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இனி மயிர் முளைக்காது, வெயில் பட்டால் தோல் வெடிக்கிறது. காலையில் தேங்காய் எண்ணெய் பூசிவிடுகிறோம். சாட்சிக்கு வராத அந்தப் பையன்தான் பெரும்பாலும் பூசுகிறான். கடைக்காரர் கேத்திலோடு வாசலுக்கு வந்தால் அவள் இப்போதும் மதிலோரமாக விலகிப் போகிறாள்.

செவ்வாய்க்கிழமை திருத்திய மனுவைக் கொண்டு போகிறேன்.