குரோஷியக் குடியுரிமையும் கும்பகோணத்து நஞ்சையும்

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கினால் ஊரில் உள்ள நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று எங்கள் பக்கத்தில் வெகுநாளாக ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மையல்ல. நான் குரோஷியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தது தெரிந்ததும் தம்பியும் அதைத்தான் கேட்டான்: "அக்கா, அப்பா விட்டுப்போன வயலில் உன் பங்கு என்ன ஆகும்?" குரோஷியாவின் துறைமுக நகரமான ரியேக்காவுக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட மற்ற இந்தியர்களும் இதே கலக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

குடியுரிமை வேறு, வசிப்பிடம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி அச்சம். வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர், கையில் இந்தியக் கடவுச்சீட்டே இருந்தாலும், விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவருக்கும் அதே விதிதான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு மா நஞ்சை வாங்கும் வழி நான் இங்கே குடியேறியபோதே அடைபட்டுவிட்டது. குடியுரிமை அதைப் புதிதாக அடைக்கவில்லை. பெற்றோர் வழியாக வந்ததையும், இந்தியாவில் இருந்தபோது வாங்கியதையும் வைத்துக்கொள்ளத் தடையில்லை. வீடு, மனை, கடை வாங்கலாம். வயலை மட்டும் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்குத்தான் விற்கலாம். தம்பி தன் பங்கை எனக்குத் தானமாக எழுதித் தர முடியாது. நான் அவனுக்கு எழுதித் தரலாம்.

குடியுரிமையால் மாறுவது நம் அடையாளக் காகிதங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவுடன் இந்தியக் குடியுரிமை தானாகவே நீங்கிவிடும். குரோஷியாவும், எட்டு ஆண்டு வசித்து வழக்கமான வழியில் வருபவர் பழைய குடியுரிமையை விட வேண்டும் என்கிறது. பழைய கடவுச்சீட்டில் கடைசியாக ஒருமுறை ஊருக்குப் போய்வந்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது குற்றம். குரோஷியத் தலைநகர் ஜாக்ரெப்பில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அந்தக் கடவுச்சீட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் பெற்று, பிறகு ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அட்டை வரும்வரை ஊருக்குப் போக விசா வேண்டும். அந்த இடைவெளியில் எந்தப் பத்திரப் பதிவையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே ஊர்க் காகிதங்களை முன்கூட்டியே ஒழுங்கு செய்துவிட வேண்டும் என்பதே நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது. எங்கள் வயல் அப்பா பெயரிலேயே கிடந்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, கூட்டுப் பட்டாவாக மாற்றி, பிறகு உட்பிரிவுக்கு மனுக் கொடுத்தோம். சர்வேயர் வந்த அன்று தம்பி வீடியோ அழைப்பில் காட்டிக்கொண்டே நடந்தான். வாய்க்கால் ஓரத்து எல்லைக் கல் கோரைக்குள் புதைந்து கிடந்தது. மண்வெட்டியால் செதுக்கி அதை வெளியே எடுத்த பிறகுதான் அளவே தொடங்கியது.

நேரில் போக முடியாதவர்கள், தம் சார்பில் செயல்பட ஊரில் உள்ள ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். இங்குள்ள நோட்டரியிடம் கையெழுத்திட்டு, வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அப்போஸ்டில் முத்திரை பெறலாம். தூதரகத்திலும் சான்றொப்பம் வாங்கலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். பெயரையும் கவனியுங்கள். பட்டாவில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு என் பெயர் இருக்கிறது. டொமோவ்னிட்சா என்று இங்கே தரும் குடியுரிமைச் சான்றிதழிலோ அப்பாவின் முழுப்பெயரே என் குடும்பப் பெயர். இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

வரியில் குடியுரிமைக்கு வேலையே இல்லை. குரோஷியாவில் வசிப்பவரின் உலகளாவிய வருமானத்துக்கு இங்கே கணக்குச் சொல்ல வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு இருந்தபோதும் அப்படித்தான். இரு நாடுகளுக்கும் இடையே 2014இல் கையெழுத்தான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. திருச்சியில் எனக்கு இருக்கும் அடுக்குமாடி வீட்டின் வாடகைக்கு இந்தியாவில் வரி பிடித்தாலும், இங்கே அதைத் தெரிவிக்கிறேன். இந்தியாவில் விவசாய வருமானத்துக்கு வரியில்லை என்பதால் குத்தகைப் பணத்தை இங்கே மறைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். சொத்தை விற்றால், வாங்குபவர் நம்மை வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதிக் கூடுதலாக வரி பிடிப்பார். வருமான வரித் துறையிடம் முன்பே குறைந்த வரிப்பிடித்தச் சான்றிதழ் வாங்கிவிட்டால் பெருந்தொகை முடங்காது. பணம் என்ஆர்ஓ கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் தம் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் வங்கிக் கணக்குக்கு, வரும். அங்கிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம். 2025இல் குரோஷியாவில் வந்த புதிய வீட்டு வரி, சதுர மீட்டருக்கு 0.60 முதல் 8 யூரோ வரை, இந்த நாட்டில் உள்ள வீடுகளுக்கு மட்டுமே. திருச்சி வீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்தப் பக்கம் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர் இங்கே வீடு வாங்க, பொதுவாக இரு நாடுகளுக்கும் இடையே பரஸ்பர உரிமை இருக்க வேண்டும். நீதி அமைச்சகத்தின் ஒப்புதலும் வேண்டும். விவசாய நிலமோ ஒன்றியத்து நாட்டவர்க்கே 2023 ஜூன் இறுதிவரை மூடியிருந்தது. இப்போது குரோஷியக் குடிமகளாகிவிட்டதால், நான் யாரிடமும் அனுமதி கேட்காமல் கிர்க் தீவில் ஓர் ஒலிவத் தோப்பே வாங்கலாம். நீதிமன்றம் பராமரிக்கும் நிலப் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்: முதல் பகுதியில் நிலம், அடுத்ததில் உரிமையாளர், கடைசியில் வில்லங்கம். அப்பா உழுத மண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குழி நிலம்கூட வாங்க இயலாத எனக்கு, இவ்வளவு எளிதாக இங்கே நிலம் கிடைக்கும் என்பது மகிழ்ச்சியோடு வலியையும் தருகிறது.

இனிக் கவனிக்க வேண்டியது பிள்ளைகளை. என் சொத்து வெளிநாட்டில் வசிக்கும் ஒருவரிடமிருந்து அவர்களுக்குப் போகும் சொத்து. அதைச் சிக்கலின்றி அடைய அவர்களிடமும் ஓசிஐ அட்டை இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாரிசுரிமை விதிமுறை 2015 ஆகஸ்ட் 17 முதல் இங்கே நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பொதுவாக இறந்தவர் கடைசியாக வசித்த நாட்டின் சட்டமே பொருந்தும். ஆனால் இந்தியாவில் உள்ள நிலத்துக்கு இந்தியச் சட்டத்தைத்தான் அங்குள்ள நீதிமன்றம் பார்க்கும். அதனால் இந்தியச் சொத்துக்கென்று தனி உயில் எழுதியிருக்கிறேன். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருவதாக இருக்கிறேன்.