மலிவான பங்கைத் தேடும்போது எந்த எண்ணால் வகுக்கிறீர்கள்?

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைத்த என்.ஐ.எஸ்.எம். பயிற்சி நிறுவனம் நடத்தும் ரிசர்ச் அனலிஸ்ட் தேர்வுக்குப் படித்தபோது பி.இ. (விலை ÷ லாபம்), பி.பி. (விலை ÷ புத்தக மதிப்பு) கணக்குகள் எனக்குச் சுலபமாகவே வந்தன. ஒரு பங்குக்கான லாபமும் புத்தக மதிப்பும் (சொத்தில் கடன்களைக் கழித்த மிச்சம்) கேள்வியிலேயே இருக்கும். விலையை அதால் வகுத்தால் விடை. நிஜப் பங்குகளில் தலைவலியே அந்த எண்தான். விலை எல்லோர் போனிலும் தெரிகிறது. அதை வகுக்கும் எண்ணை நம்பலாமா என்று பார்க்கத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. இதைப் பழக வங்கி, நுகர்பொருள் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக்குப் புத்தக மதிப்புதான் அடிப்படை. ஆனால் வங்கியின் பெரிய சொத்தே அது கொடுத்த கடன். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன். அந்த நஷ்டத்துக்கென்று லாபத்திலிருந்து ஒதுக்கியதுபோக மிச்சம் நிகர வாராக்கடன். ஒரு பங்கின் புத்தக மதிப்பு 100 ரூபாய், விலை 60 என்று வையுங்கள். பார்க்க மலிவு. நிகர வாராக்கடன் பங்குக்கு 45 ரூபாய் என்றால், அதைக் கழித்தபின் மிஞ்சுவது 55. அப்போது 60 ரூபாயே அதிகம்! கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியில் 2020 மார்ச்சில் கடனில் நாலில் ஒரு பங்கு வாராக்கடன். அதே ஆண்டு நவம்பரில் டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைத்தபோது பங்கு மூலதனம் முழுவதும் நீக்கப்பட்டது. பங்குதாரர்களுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை.

அதனால் வங்கி ஆண்டறிக்கையில் முதலில் கணக்குக் குறிப்புகள் உள்ள 18-ம் அட்டவணைக்குப் போங்கள். வாராக்கடன் எவ்வளவு புதிதாகச் சேர்ந்தது, எவ்வளவு வசூலானது, எவ்வளவைத் தள்ளுபடி செய்தார்கள் என்று அங்கே இருக்கும். ரிசர்வ் வங்கி ஆய்வில் கண்ட வாராக்கடனுக்கும் வங்கி காட்டியதற்கும் இடைவெளி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், அதையும் அங்கே சொல்லியாக வேண்டும். தலைவர் உரையை அப்புறம் படிக்கலாம். இன்னொன்று, ஆர்.ஓ.இ. (பங்குதாரர் பணத்தில் ஆண்டுக்கு ஈட்டும் லாப சதவீதம்) 6, 7 சதவீதமே உள்ள வங்கி புத்தக மதிப்புக்குக் கீழே விற்றால் அதை மலிவு என்று சொல்ல மாட்டேன். அந்த வட்டியை எஃப்.டி.யே தரும்.

நுகர்பொருளில் பிரச்சினை வேறு. இங்கே புத்தக மதிப்பு பெரும்பாலும் உதவாது. ஜி.எஸ்.கே. கன்ஸ்யூமர் 2020-ல் இந்துஸ்தான் யூனிலீவரோடு இணைந்து ஹார்லிக்ஸ், பூஸ்ட் வந்தபோது, இந்துஸ்தான் யூனிலீவரின் நிகர மதிப்பு, அதாவது மொத்தப் புத்தக மதிப்பு, சுமார் 8 ஆயிரம் கோடியிலிருந்து 47 ஆயிரம் கோடிக்கு ஏறியது. ஆர்.ஓ.இ. சரிந்தது. சோப்பு விற்பனை கெட்டுவிடவில்லை. பிராண்டுகளின் மதிப்பும் குட்வில்லும் (வாங்கிய கம்பெனியின் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை) கணக்கில் ஏறின, அவ்வளவுதான். பங்குகளைச் சலிக்கும் ஸ்கிரீனர் தளத்தில் ஆர்.ஓ.இ. 30-க்கு மேல் என்று வடிகட்டுகிறவருக்கு இந்தக் கம்பெனி கண்ணிலேயே படாது.

லாபமும் அப்படித்தான். 2015-ல் மேகி தடைபட்டபோது நெஸ்லே இந்தியாவின் ஆண்டு லாபம் 1,185 கோடியிலிருந்து 563 கோடியாகச் சுருங்கியது. பங்கு விலை இறங்கியும் பி.இ. எகிறியது. பி.இ. குறைவாக இருக்கட்டும் என்று காத்திருந்தவருக்கு அந்த வாய்ப்பு தெரிந்தே இருக்காது. நான் அதனால் நுகர்பொருள் கம்பெனிகளுக்கு ஐந்து வருட சராசரி லாபத்தால் விலையை வகுத்துப் பார்ப்பேன்.

சராசரி போடும்போது மாதங்களையும் எண்ணுங்கள். நெஸ்லே இந்தியா டிசம்பரில் முடித்துவந்த கணக்கை மார்ச்சுக்கு மாற்றியது. 2024 மார்ச்சில் முடிந்த அந்தக் கணக்கு 15 மாதத்துக்கானது. அந்த லாபத்தை 15-ஆல் வகுத்து 12-ஆல் பெருக்காமல் எடுத்தால் பங்கு சும்மாவே மலிவாகத் தெரியும்.