ஓரியூரில் அத்தை போட்ட அசனம்

என் மகன் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, புனித அருளானந்தர் உயிரைக் கொடுத்த ஓரியூர் மண்ணைத் துணியில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர் என் அத்தை. உள்ளே விடவில்லை. மண்ணை என் நெற்றியில் பூசிவிட்டு, "பிள்ளை பிழைச்சு வரட்டும், அருளானந்தருக்கு ஆடு வெட்டி அசனம் போடுறேன்" என்று அந்த வராந்தாவிலேயே நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான், இப்போது பள்ளிக்கூடம் போகிறான். புனிதர் பேரில் சமைத்து எல்லோருக்கும் சாப்பாடு போடுவதுதான் அசனம். வருடா வருடம் ஏதாவது ஒன்று வந்து தள்ளிப்போன நேர்த்திக்கடன் இது. இந்த முறை, கறி தவிர்க்கும் தவக்காலம் தொடங்குவதற்குள் முடித்தே ஆக வேண்டும் என்று வேன் பேசிவிட்டோம்.

ஆடு, அண்டா, அரிசி மூட்டை, பிள்ளைகள் எல்லாம் ஒரே வேனில். திருவாடானை தாண்டியதும் வெயில் முகத்தில் அறைந்தது. இறங்கியதும் இன்னொரு தொல்லை. சமைக்கிற இடம் பிடித்துத் தருகிறேன் என்று ஒருவர், விறகுக்கு இரட்டை விலை சொல்லி ஒருவர், மெழுகுதிரியைக் கையில் திணித்துவிட்டுக் காசு கேட்டு விடாமல் பின்னாலேயே வந்த இன்னொருவர். கடன் தீர்க்க வருகிறவன் சாமி பேரைச் சொன்னால் பேரம் பேசமாட்டான் என்று இவர்களுக்குத் தெரியும். ஒரு புனிதர் உயிரைக் கொடுத்த இடத்தில் இப்படிப் பண்ணுகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தைதான், "விடுப்பா, அவனுக்கும் வயிறு இருக்கு" என்றார்.

மகனுக்கு மொட்டை அடித்து, பூசை கண்டுவிட்டு, சிவந்த மண்ணில் முழந்தாளிட்டோம். 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன் அன்று அருளானந்தரின் தலையை வெட்டிய இடம். லிஸ்பனில் பெரிய குடும்பத்தில் பிறந்து, இளவரசரோடு விளையாடி வளர்ந்தவர். நம் ஊருக்கு வந்து காவி உடுத்தி, தமிழ்த் துறவிபோலப் பண்டாரசாமியாக நடந்தே திரிந்தவர். 1686இல் இதே மறவர் சீமையில் பிடித்துச் சித்திரவதை செய்து விரட்டினார்கள். ஐரோப்பாவுக்குப் போனார். அங்கேயே இருந்துவிடும்படி அரசரே கேட்டார். இருந்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் திரும்பி வந்தார். மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத் தேவர் ஞானஸ்நானம் வாங்கி, ஒரு மனைவி போதும் என்று மற்றவர்களை விலக்கி வைக்க, அதில் ஒருத்தி சீமையை ஆண்ட சேதுபதியின் உறவுப் பெண்ணாக இருக்க, பழி இவர் தலையில் விழுந்தது.

அவர் திரும்பி வந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அத்தை ஞாபகம்தான் வரும். அத்தைக்குக் கோயம்புத்தூரில் நல்ல வேலை இருந்தது, வரனும் பார்த்து வைத்திருந்தார்கள். அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததும், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். மூன்று ஆண்பிள்ளைகள் இருந்த வீடு அது. அப்பத்தா கண்மூடும் வரைக்கும் குளிப்பாட்டியதும் பீத்துணி அலசியதும் அத்தைதான். கல்யாணப் பேச்சு அப்படியே நின்றுபோனது. அதைப் பற்றி யாரும் அவரிடம் வருத்தம்கூடத் தெரிவித்ததில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் அது தீராத கடன்.

சாப்பாடு தயாரானதும் வழக்கப்படி இல்லாதவர்களைத்தான் முதலில் உட்கார வைத்தோம். அவர்கள் கைகழுவி எழுந்த பிறகுதான் வீட்டு ஆட்கள் இலை போடவேண்டும். பந்தியின் கடைசியில் ஒரு பெரியவர், கை நடுங்கிச் சோறு வாய்க்குப் போகாமல் மடியில் சிந்திக்கொண்டிருந்தார். நாங்கள் பரிமாறுகிற மும்முரத்தில் இருந்தோம். அத்தை வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கறியைப் பிய்த்து, எலும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, சோற்றோடு பிசைந்து, வாயின் இடது ஓரமாக ஊட்டினார். முழுங்குகிறவரை காத்திருந்து அடுத்த வாய்.

அப்பத்தாவுக்கு ஊட்டிய அதே கை. அதே இடது ஓரம். குழம்புக் கரண்டியோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். காலையில் பீடத்துக்கு முன்னால் எனக்குக் கண்ணீர் வரவில்லை, இங்கே வந்தது. வெட்டுப்பட்டு ஒரே நாளில் உயிரைக் கொடுத்தவரின் வாசலில், கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வாழ்நாளையே கொடுத்தவர் உட்கார்ந்து சோறூட்டிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே சேசுவிடமிருந்து வாங்கிய அன்பு. பெரியவர் என் மகனைக் கூப்பிட்டு, மொட்டைத் தலையில் கைவைத்து முணுமுணுத்தார். எந்தச் சாமி பேரைச் சொன்னாரோ, எங்களுக்கு அது ஆசீர்தான்.

அத்தை சாப்பிட்டபோது மணி நாலு. ஆறிய சோறும் அடிக்குழம்பும். "நல்லா இருந்துச்சுப்பா" என்றார்.

அருளானந்தரே, பிள்ளையைக் கொடுத்தீர், அவனுக்காக நேர்ந்துகொள்ள இப்படி ஒரு அத்தையையும் கொடுத்தீர். கோடி நன்றி சாமி. அடுத்த வருடம் அப்பத்தா பேரில் பூசை வைக்க வேண்டும் என்கிறார். அதற்கும் கூட்டி வந்துவிடுகிறேன், அவருக்கு உடம்பில் பெலன் கொடும்.