பாளை ஜெயிலும் பதினாலு வருசக் கணக்கும்

"பதினாலு வருசந்தானல, கண்ண மூடித் திறக்கதுக்குள்ள வந்துருவான்" என்றார் டீக்கடையில் ஒரு அண்ணாச்சி. வரப்புத் தகராறில் சொந்தச் சித்தப்பா மகனையே வெட்டிக் கொன்றுவிட்டு, ஆயுள் தண்டனையில் பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருக்கும் எங்கள் ஊர்க்காரனைப் பற்றித்தான் பேச்சு. ஆயுள் என்றால் சாகும்வரை, அண்ணாச்சி. காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சேயின் வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலை மாதிரி தூக்கு வரை போகக்கூடிய குற்றங்களில் 14 வருடத்துக்கு முன்னால் தண்டனைக் கழிவு கொடுத்து வெளியே விடக்கூடாது என்பது 1978-ல் வந்த திருத்தம், அவ்வளவுதான். அந்த 14 வருடம் முடிந்ததும் கதவு தானாகத் திறக்காது.

அந்த வரப்பு ஒரு முழம்கூட இருக்காது. இப்போ ரெண்டு வயலிலும் உடைமரம்தான் நிற்கிறது. அவன் அம்மா மட்டும் ஜெயிலில் மனு போட்டு அவனைப் பார்க்கப் போய்வருகிறாள், செத்தவன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் பஸ் ஏற வேண்டும்.