“நம்மூருல யாரு தறி குடுக்கறாங்க?” – நான் பிரௌசர் மாற்றிய கதை

பல்லடத்தில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் தொழில். 23 பேர் கணக்கு என்னிடம் இருக்கிறது. பாதிக்கு மேல் தறிக்காரர்கள். மிச்சம் பனியன் ஜாப் ஒர்க், நூல் வியாபாரம், பொங்கலூர் பக்கம் இரண்டு தென்னைநார் மில். மாதம் 11ஆம் தேதிக்கு ஒரு ஓட்டம், 20ஆம் தேதிக்கு இன்னொரு ஓட்டம். இத்தனை வருடத்தில் எந்த பிரௌசரில் வேலை செய்கிறோம் என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தது ஒரு கேள்வி.

போன ஆடியில் ஒரு தறிக்காரர் வந்து, 12 தறியையும் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். “யாருகிட்டயும் சொல்லிராதீங்க அம்மணி. தெரிஞ்சுதுன்னா நூல்காரன் நாளைக்கே பாக்கியைக் கேட்டு வாசல்ல நின்னுருவான்” என்றார். எங்கள் பக்கம் தறிகள் பழைய இரும்பு விலைக்கு எடை போட்டுப் போவது புதிதில்லை. ஆனாலும் என்ன விலை வரும் என்று அவருக்குச் சொல்ல வேண்டுமே. அன்று பொழுதோட நாலைந்து தளங்களில் பழைய தறி விலை தேடிப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து அதே ஊர்க்காரர் இன்னொருவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏதோ செய்தி பார்க்கப் பக்கத்தைத் திறந்தேன். மேலே ஒன்று, ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மூன்றும் பழைய தறி விளம்பரம். அவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனம்மணி, நம்மூருல யாரு தறி குடுக்கறாங்க?”

“அதெல்லாம் சும்மா விளம்பரமுங்கண்ணா” என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. நம்பிச் சொன்ன ஒரு விஷயத்தை நான் வாய் திறக்காமலே என் திரை சொல்லிவிட்டது.

அது எப்படி நடந்தது என்று அன்றிரவே படித்தேன். விலை தேடிய தளத்திலும் செய்தித் தளத்திலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் துண்டு நிரல் உட்கார்ந்திருக்கும். அது நம் பிரௌசரில் குக்கி என்ற சிறு அடையாளக் குறிப்பைப் போட்டு வைக்கும். அடுத்த தளத்துக்குப் போனதும் அதே குக்கியைப் பார்த்து, “தறி தேடின ஆள் வந்தாச்சு” என்று தெரிந்துகொள்ளும். மூன்றாம் தரப்பு குக்கி என்பது இதுதான். இதை நிறுத்தப் போவதாக கூகுள் 2020இல் அறிவித்தது, 2024இல் பின்வாங்கியது, 2025 ஏப்ரலில் இப்போதிருக்கும் முறையே தொடரும் என்று சொல்லிவிட்டது. ஆக, நான் பயன்படுத்திவந்த கூகுளின் குரோமில் அதை நாமே அமைப்புக்குள் போய் மறுக்க வேண்டும். நான் அந்த அமைப்புப் பக்கத்தை அதுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை.

முதல் ஒரு வாரம் மறைமுகச் சாளரத்தில் வேலை செய்தேன். கறுப்பாக வரும் இன்காக்னிட்டோதான். அது நம் கணினியில் தடயத்தை வைக்காது, அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் இருக்கும் தளத்துக்கும் இணைய இணைப்பு கொடுப்பவருக்கும் நம்மை மறைக்காது. இது பற்றி 2020இல் அமெரிக்காவில் கூகுள் மீது தொடுத்த வழக்கு 2024இல் சமரசத்துக்கு வந்தது. சேர்த்துவைத்த பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. எனக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. எத்தனை மறைமுகச் சாளரம் திறந்தாலும் அத்தனையும் ஒரே லாகினைத்தான் பகிர்ந்துகொள்ளும். ஒருவர் கணக்கு திறந்திருக்கும்போது அதே தளத்தில் இன்னொருவர் கணக்கைத் திறக்க முடியாது. என் வேலையே அதுதான்.

சரி, முறையாகப் பார்த்துவிடலாம் என்று 21ஆம் தேதி உட்கார்ந்தேன். அடுத்த 11 வரை மூச்சுவிட நேரம் இருந்தது. முதலில் இருப்பதைச் சோதித்தேன். குரோமில் ஷிப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரௌசரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். என் மடிக்கணினியில் 8 ஜிபி ராம்தான். பிரௌசர்தான் கனம் என்று நினைத்திருந்தேன். பட்டியலைப் பார்த்தால் 14 எக்ஸ்டென்ஷன்கள் வரிசையாக நின்றன. பிடிஎப் மாற்ற ஒன்று, திரையைப் படம் பிடிக்க மூன்று, தள்ளுபடி கூப்பன் தேட ஒன்று. அந்தக் கூப்பன் சமாச்சாரத்தை எப்போது போட்டேன் என்றே நினைவில்லை.

ஒவ்வொன்றின் அனுமதியையும் திறந்து படித்தேன். பலவற்றில் ஒரே வரி இருந்தது: எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கலாம், மாற்றலாம். அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். எல்லாத் தளமும் என்றால் ஜிஎஸ்டி தளமும்தான், வங்கித் தளமும்தான். யாருக்கு யார் எவ்வளவு விற்றார், யாருக்கு எத்தனை பாக்கி, யார் கணக்கில் எவ்வளவு இருப்பு என்று நான் திறந்து பார்க்கும் ஒவ்வொரு பக்கத்தையும் எங்கோ இருக்கும் யாரோ எழுதிய ஒரு துண்டு நிரல் படிக்க நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது படித்ததா, அனுப்பியதா என்பது வேறு பேச்சு. படிக்க முடியும் என்பதே போதும். அந்த 14இல் 12ஐ அன்றே தூக்கினேன்.

அப்புறம் பார்த்தால், வேகக் குறை என்று நான் நினைத்ததில் முக்கால்வாசி அதோடு போய்விட்டது. இதைப் படிக்கிறவர்கள் பிரௌசர் மாற்றுகிறீர்களோ இல்லையோ, இதை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

அடுத்து நாலு பிரௌசர்களைச் சோதனைக்கு எடுத்தேன். எட்ஜ் விண்டோஸோடு ஏற்கெனவே இருந்தது. பயர்பாக்ஸ், பிரேவ், உலா மூன்றும் புதிது. அப்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி, உலா எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடிப்படையில் கட்டியவை. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரே நூல், ஒரே நெசவு, சாயமும் தையலும்தான் வேறு. எட்ஜே 2020 ஜனவரியில்தான் அந்த நூலுக்கு மாறியது. பயர்பாக்ஸின் அடிப்படையான கெக்கோ தனி. ஆப்பிளின் சஃபாரிக்கு வெப்கிட். விண்டோஸ் கணினி வைத்திருப்பவருக்கு உண்மையிலேயே வேறு நூல் என்றால் பயர்பாக்ஸ்தான்.

வேகச் சோதனையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஸ்பீடோமீட்டர் 3 என்று ஒரு சோதனை 2024 மார்ச்சில் வந்தது. போட்டி போடும் நிறுவனங்களே சேர்ந்து உருவாக்கியது என்பதால் அதை நம்பலாம். அதில் வந்த எண்களில் வித்தியாசம் இருந்தது. ஆனால் நான் தினமும் திறக்கும் 12 பக்கங்களை வைத்து, கைப்பேசியில் நேரம் எடுத்துப் பார்த்தபோது கைக்குத் தெரிகிற மாதிரி எதுவும் இல்லை. 20ஆம் தேதி மத்தியானம் எல்லோரும் ஒரே நேரத்தில் முட்டும்போது எந்த பிரௌசரானாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

பிரேவ் எனக்குப் பிடித்திருந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டை 1995இல் உருவாக்கி, பிறகு பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரண்டன் ஐக் ஆரம்பித்தது. எதையும் சேர்க்காமலே விளம்பரத்தையும் பின்தொடர்வதையும் தடுக்கிறது. கிரிப்டோ பணப்பை, வெகுமதி என்று கூடவே வரும் பொத்தான்கள் எனக்கு வேண்டாம், அமைப்பில் மறைத்துவிடலாம். இதை அத்தை கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன். செய்தி படிக்கும்போது நடுவில் குதிக்கும் விளம்பரத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டு, “கண்ணு, இது என்னமோ கேக்குது பாரு” என்று போனை நீட்டிக்கொண்டே இருப்பார். இப்போது அந்தக் கூப்பிடுதல் நின்றுவிட்டது.

உலா சோஹோவினுடையது, 2023 மே மாதம் வந்தது. நம் ஊர் நிறுவனம், பெயரும் நம் சொல். வேலைக்கு, சொந்த உபயோகத்துக்கு, பிள்ளைகளுக்கு என்று தனித்தனி முறைகள் அதிலேயே இருக்கின்றன. என் மகள் பள்ளி வேலைக்கு அதைத்தான் பயன்படுத்துகிறாள். எட்ஜில் பயன்படுத்தாத டேபைத் தூங்க வைப்பது நல்ல வசதி, குறைந்த ராமுக்கு ஏற்றது. மைக்ரோசாஃப்டின் பழைய பிரௌசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15இல் ஓய்வு பெற்றுவிட்டாலும், அதற்காக எழுதிய பழைய தளங்களைத் திறக்க எட்ஜுக்குள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு தளம் இருக்கிறது. அதனால் எட்ஜையும் வைத்துக்கொண்டேன்.

என்னைப் பயர்பாக்ஸில் நிறுத்தியது வேகமும் இல்லை, விளம்பரத் தடுப்பும் இல்லை. மல்டி அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் என்று மொசில்லாவே தரும் ஒரு எக்ஸ்டென்ஷன். ஒவ்வொரு டேபும் ஒரு தனிப் பெட்டிக்குள் திறக்கும். ஒரு பெட்டியின் குக்கி அடுத்த பெட்டிக்குத் தெரியாது. ஒரே சாளரத்தில், ஒரே தளத்தில், நாலு பேர் லாகினை ஒரே நேரத்தில் திறந்து வைக்கலாம். குரோமிலும் தனித்தனி ப்ரொஃபைல் வைத்து இதைச் செய்யலாம், ஆனால் ஆளுக்கு ஒரு சாளரம் திறக்கும். 23 சாளரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து 23 பெட்டி போட்டேன். தரும் நிறங்கள் கொஞ்சம்தான். அதனால் தறிக்காரர்களுக்குப் பச்சை, பனியனுக்கு நீலம், நூலுக்கு மஞ்சள், நாருக்கு ஆரஞ்சு என்று பிரித்து, பெயரில் ஆளை அடையாளம் வைத்தேன். டேபின் மேல் அந்த நிறத்தில் ஒரு கோடு ஓடும், முகவரிப் பட்டையில் பெயர் நிற்கும். முன்பு ஒருமுறை, நாலு பேர் வேலையை மாற்றி மாற்றிப் பார்த்த அவசரத்தில், பனியன்காரர் லாகினில் நூல்காரர் விற்பனையை ஏற்றப் போய், கடைசி நொடியில் ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்து நிறுத்தினேன். இப்போது நீலக் கோட்டுக்குக் கீழே மஞ்சள் வேலை செய்யக் கை தானாகவே தயங்குகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குக்கி, தளம் நம் பிரௌசரில் சேமிக்கும் தரவு போன்றவற்றைத்தான் பெட்டி பிரிக்கும். பார்த்த பக்கங்களின் வரலாறும் சேமித்த பாஸ்வேர்டும் எல்லாப் பெட்டிக்கும் பொதுதான். லாகின் கட்டத்தைத் தொட்டால் 23 பெயரும் கீழே இறங்கும். பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெட்டி இல்லாமலே பயர்பாக்ஸ் 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் அந்தந்தத் தளத்துக்குள்ளேயே பூட்டி வைக்கிறது. யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானும் முழுமையாக வேலை செய்கிறது. கூகுள் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால் 2025க்குள் அது குரோமில் நின்றுபோனது, அங்கே அதன் சிறிய வடிவம்தான் ஓடும். அதுவும் எல்லாப் பக்கத்தையும் படிக்கும் அனுமதி கேட்கிற எக்ஸ்டென்ஷன்தானே என்று நானே யோசித்தேன். அதன் நிரல் யாரும் படித்துப் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. பல வருடமாகப் பலர் பார்த்துவருகிறார்கள். அதனால் வைத்துக்கொண்டேன். மொசில்லாவையும் கண்ணை மூடி நம்பவில்லை. அதன் வருமானத்தில் பெரும்பகுதி தேடுபொறிக்காக கூகுள் தரும் பணம். 2025 பிப்ரவரியில் பயன்பாட்டு விதிகளின் வாசகத்தை மாற்றியபோது எழுந்த எதிர்ப்பையும் படித்தேன். அமைப்பில் போய், தகவல் அனுப்பும் கட்டங்களில் டிக் எடுத்துவிட்டேன்.

மாறும்போது சிக்கியது இரண்டு இடத்தில். முதலாவது பாஸ்வேர்ட். பழைய பிரௌசரிலிருந்து கோப்பாக இறக்கினால் அது சாதாரண எழுத்தில் வரும். திறந்து பார்த்தேன். 23 பேர் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் மளிகைச் சீட்டு மாதிரி வரிசையாக இருந்தன. புது இடத்தில் ஏற்றியதும் கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்து, பழைய பிரௌசரில் சேமித்தவற்றையும் நீக்கினேன். பிறகு, சேமித்த பாஸ்வேர்ட்களைத் திறக்கக் கேட்கும் பிரைமரி பாஸ்வேர்ட் ஒன்று வைத்தேன். அது இல்லாவிட்டால் என் நாற்காலியில் உட்காரும் யாரும் அத்தனையையும் பயன்படுத்தலாம்.

இரண்டாவது டோக்கன். மற்றவர்களுக்கு ஓடிபி போதும். கம்பெனியாகப் பதிந்த இரண்டு பேருக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அதாவது கணினியில் செருகும் சிறு கருவி, வேண்டும். டோக்கன் கேட்கும் ஒரு தளத்தில் கையெழுத்துப் பொத்தானை அழுத்தினால் அப்படியே நின்றது. அரை நாள் போனது. கையெழுத்துப் போடும் சிறு மென்பொருள் நம் கணினிக்குள்ளேயே 127.0.0.1 என்ற முகவரியில் காத்திருக்கிறது. பயர்பாக்ஸ் அந்த மென்பொருளின் சான்றிதழை நம்பி ஏற்கவில்லை. அந்த முகவரியைத் தனி டேபில் திறந்து, வந்த எச்சரிக்கையைப் படித்து, விதிவிலக்குக் கொடுத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. 127.0.0.1 என்பது நம் கணினியேதான், அதனால் கொடுத்தேன். வேறு எந்தத் தளத்துக்கும் அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள்.

அந்த 12 தறியும் தை பிறக்கும் முன்பே போய்விட்டன. நூல்காரருக்குப் பாக்கியை அவரே போய்க் கட்டிவிட்டுத்தான் ஊருக்குச் சொன்னார். அவருடைய ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்ய விண்ணப்பம் போட்டு, உத்தரவும் வந்துவிட்டது. இறுதி ரிட்டர்ன், ஜிஎஸ்டிஆர்-10, மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். அது பாக்கி இருக்கிறது. அதுவரை அவர் பெயரில் ஒரு பச்சைக் கோடு என் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். போட்டு முடித்ததும் அந்தப் பெட்டியை நீக்குவேன், அதிலுள்ள குக்கிகளும் கூடவே போய்விடும்.